அக்காவின் பெயரில் என் ரத்தம்

இதை யாரிடமும் காட்டாதே, மகனே. கெஞ்சிக் கேட்கிறேன். உன் அப்பாவிடம் காட்டாதே. அவர் யார் என்றே எனக்கு இன்னும் தெரியாது. உன் தாத்தா பாட்டியிடம் காட்டாதே. எல்லோரையும்விட முக்கியமாக உன் பெரியம்மாவிடம் காட்டாதே. உனக்குப் பெரியம்மா என்று ஒருத்தி இருந்தால்.

நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்குப் பதினாறு வயது, பள்ளியில் படிவம் நான்கு. அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். உயிரோடு இருக்கிற யாரிடம் சொன்னாலும் பேச்சு விடிவதற்குள் செம்பனைக் குலை ஏற்றும் லாரியோடு அலோர் காஜா வரை போய்விடும். அந்த லாரியை ஓட்டுவதே உன் தாத்தாதான். அதனால் யோசித்து யோசித்து உன்னைப் பிடித்தேன். இனிமேல் பிறக்கப் போகிறவன் இன்றைக்கு வாய் திறக்க மாட்டான். மகள் என்று நினைத்து எழுதியிருக்கலாம். ஆனால் அவளும் என்னைப் போலப் பயந்தாங்கொள்ளியாகப் பிறந்துவிடுவாளோ என்று மனம் வரவில்லை. நீ வளர்ந்து ஆளான பிறகு, உன் கல்யாணத்துக்கு முதல் நாள் இந்த நோட்டை உன் கையில் கொடுப்பேன். அம்மா என்கிற முறையில் நாலு புத்தி சொல்ல வேண்டும் இல்லையா? அந்த வயதில் எனக்கு நிறையப் புத்தி இருக்கும். இப்போது இருப்பது ஒன்றே ஒன்று. அதையும் தப்பு செய்துதான் கற்றுக்கொண்டேன்.

இன்று வீட்டில் நானும் அக்காவும் மட்டும்தான். அப்பாவும் அம்மாவும் புக்கிட் காத்திலில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிருக்கிறார்கள், காலையில்தான் திரும்புவார்கள். அக்கா கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அக்கா பெயர் மல்லிகா, இருபத்திரண்டு வயது, குருபோங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. முன்னறையில் தூங்குகிறாள். சற்று முன்பு எழுந்து வேர்வையில் நனைந்த சட்டையைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் போட்டுக்கொண்டு, “இன்னும் வரலையா ரத்தம் எடுக்கிறவரு?” என்று கேட்டுவிட்டு மறுபடி படுத்தாள். மூன்று மாதமாக ராத்திரியில் இப்படித்தான் நனைகிறாள். நான் அவளுடைய நீலச் சீருடையைப் போட்டுக்கொண்டு, அவளைப் போலவே கொண்டை போட்டுக்கொண்டு, சமையலறையில் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ரத்தம் எடுக்கிறவர் வந்து கதவைத் தட்டி “மல்லிகா” என்று கூப்பிட்டால் நான்தான் போக வேண்டும். அதற்குத்தான் இந்த வேஷம்.

உனக்கு இது புரிய வேண்டுமென்றால் ராத்திரியில் ஏன் ரத்தம் எடுக்கிறார்கள் என்பதிலிருந்து சொல்ல வேண்டும். நாங்கள் குடியிருக்கும் செம்பனைத் தோட்டத்தின் கீழ்ப்பக்கம் முழுக்கச் சதுப்பு. அங்கே இருக்கும் கொசு யானைக்கால் வியாதியின் புழுவைக் கொண்டுவருகிறது. அந்தப் புழுவின் குஞ்சுகள் பகலில் உடம்புக்குள் ஆழமாக எங்கேயோ ஒளிந்துகொள்ளும். ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் தோலுக்குப் பக்கத்தில் வரும். ஆகவே சுகாதார வேனும் அந்த நேரத்தில்தான் வரும். வேனில் வருகிற காசிம் அண்ணன் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இதையே சொல்லுவார்: “ராத்திரி பத்து மணிக்கு ரத்தம் கேட்டு வீடு வீடா வர்றது இந்த ஊர்ல ரெண்டே பேரு. ஒண்ணு கொசு, இன்னொண்ணு நான். கொசுவுக்கு ஓவர்டைம் கிடையாது, எனக்கு உண்டு. அவ்வளவுதான் லா வித்தியாசம்.”

இந்த வருஷம் அவரோடு கோலாலம்பூரிலிருந்து ஒரு டாக்டரம்மாவும் வந்தார். நம்ம ஆள், தமிழ் பேசுவார். ஊசி போட்டு மருந்து கொடுக்கிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி செய்கிறவர். ஆயாக் கொட்டகையில், பகலில் குழந்தைகள் தூங்குகிற இடத்தில், மேசை போட்டு மைக்ராஸ்கோப் வைத்திருந்தார். முதல் நாள் ராத்திரி தோட்டமே வரிசையில் நின்றது. என் கையில் அவரேதான் ரத்தம் எடுத்தார், விரலில் ஒரு துளி, கைமடிப்பில் ஒரு சின்னக் குழாய்.

“பயமா தங்கச்சி?”

“இல்ல டாக்டர்.”

“கை நடுங்குதே?”

“குளிர் டாக்டர்.”

“மலாக்காவுல குளிரா? பொய்யைக் கொஞ்சம் பொருத்தமா சொல்லேன்,” என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே நான் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தேன். கூட்டம் குறைந்ததும் கூப்பிட்டு, ஏற்கனவே சாயம் போட்டுக் கொண்டுவந்திருந்த ஒரு ரத்தத்தைக் காட்டினார். கண்ணை வைத்துப் பார்த்தால் வெளிர் சிவப்பு வட்டங்கள் நிறைய. நடுவில் ஒன்று மட்டும் ஆரஞ்சு நிறப் பொடி நிறைந்து, உள்ளே மூக்குக் கண்ணாடி மாட்டியது போல இரண்டு உருண்டையோடு இருந்தது. அதன் பெயர் இயோசினோபில். வெள்ளை அணுக்களில் ஒரு ஜாதி. உடம்புக்குள் புழு வந்தால் இது பெருகி, புழுவைச் சூழ்ந்துகொண்டு, அந்த ஆரஞ்சுப் பொடியை மேலே கொட்டிக் கொல்லுமாம். “என் சம்பளமே இதாலதான்,” என்றார். பிறகு, கேட்காமலே, தனக்குத்தானே பேசுவது போல இன்னொன்றும் சொன்னார். புற்றுநோய்க் கட்டிகளை வெட்டிப் பார்த்தால் சிலவற்றைச் சுற்றியும் இதே அணுக்கள் கூட்டமாக நிற்கின்றனவாம். அங்கே புழு எதுவும் இல்லை.

“அங்க எதுக்கு டாக்டர் வருது?”

“அதான் தெரியல. சண்டை போட வந்துச்சா, சும்மா வேடிக்கை பார்க்க வந்துச்சா, இல்ல கட்டிக்கே ஒத்தாசை பண்ணுதா. ஒரு நாள் ஒண்ணு தோணும், மறுநாள் அது தப்புன்னு தோணும். அதுக்குத்தான் புழு வந்தவங்க, கட்டி வந்தவங்க, ரெண்டு பக்கத்து ரத்தத்தையும் வச்சுப் பார்த்துக்கிட்டு இருக்கேன்.”

எனக்குத் தெரிந்த பெரியவர்களில் “தெரியல” என்று இவ்வளவு சாதாரணமாகச் சொன்னவர் அவர் ஒருவர்தான். நானும் பெரியவளானால் அப்படி ஆக வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன். மறுநாளே அவருடைய ஆராய்ச்சியில் பொய்யைக் கலந்தேன்.

அக்காவுக்கு அதற்குச் சில வாரம் முன்பிருந்தே இடது அக்குளில் ஒரு கட்டி இருந்தது. வலிக்கவில்லை. உடம்பெல்லாம் அரிப்பு, சாயங்காலமானால் லேசான காய்ச்சல். இங்கே கட்டியும் காய்ச்சலும் சேர்ந்தால் எல்லோர் வாயிலும் வருவது யானைக்கால்தான். மாப்பிள்ளை வீட்டில் தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும் என்று அக்கா நம்பினாள். முதல் நாள், தொழிற்சாலையில் ராத்திரி வேலை என்று சொல்லி ஆயாக் கொட்டகைக்குப் போகாமல் தப்பித்தாள். விட்டுப்போனவர்களுக்காக மறுநாளும் வருவோம் என்று பட்டியலில் பெயரை எழுதி ஒட்டிவிட்டார்கள். அன்று சாயங்காலம் என்னைக் கிணற்றடிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

“நீ போய் என் பேர்ல குடுத்துட்டு வாயேன். உன் ரத்தம் சுத்தமாத்தானே இருக்கும். ஒரு நாள் தும்மல்கூட வந்ததில்லை உனக்கு.”

“கண்டுபிடிச்சிருவாங்கக்கா.”

“டாக்டர் இன்னிக்கு வேற தோட்டத்துக்குப் போறாங்க. காசிம் அண்ணன் மட்டும்தான். அவரு கண்ணாடி போட்டாலும் பக்கத்து ஆளு தெரியாது. என் ஐசியை எடுத்துக்கிட்டுப் போ. ப்ளீஸ் லா, என் தங்கம் இல்ல?”

மகனே, உன் அம்மா சொல்லும் புத்தி இங்கேதான் வருகிறது. யாராவது உன்னை அதட்டி ஒரு தப்பைச் செய்யச் சொன்னால் நீ முறைப்பாய், யோசிப்பாய். அன்பாகக் கெஞ்சினால் யோசிக்க மாட்டாய். எனக்கு ஏழு வயது இருக்கும்போது, அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு நாள் முழுக்க அவர் சேர்த்த பால் வாளியை விளையாட்டில் தட்டிவிட்டேன். வெள்ளையாக மண்ணில் ஓடியது. அப்பா பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு “யாரு?” என்றபோது, நான் வாயைத் திறப்பதற்குள் “நான்தான்ப்பா” என்றாள் அக்கா. அடி முழுவதையும் வாங்கிக்கொண்டு ராத்திரி என் பக்கத்தில் குப்புறப் படுத்து, “உனக்கு வலிக்குதா?” என்று என்னைக் கேலி செய்தாள். எங்கள் இருவருக்குள் பெயர் மாற்றிக்கொள்வது அன்றைக்கே தொடங்கிவிட்டது. அவள் என் பெயரை வாங்கி அடிபட்டவள். நான் அவள் பெயரை வாங்கி ஒரு துளி ரத்தம் கொடுக்க மாட்டேன் என்று எப்படிச் சொல்வேன்?

போனேன். காசிம் அண்ணன் அக்காவின் அடையாள அட்டையை விளக்குப் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். “படத்துல நல்லா பூரி மாதிரி இருக்கே, இப்ப என்ன பாப்பா அப்பளமா ஆயிட்டே? கல்யாணக் கவலையா?” என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். குழாயில் “மல்லிகா” என்று எழுதி ஒட்டினார். உள்ளே இருந்தது நான்.

பரிசோதனைச் சீட்டு வந்தது. அக்கா தங்கை இருவர் ரத்தத்திலும் புழு இருக்கிறது.

புழு என்னுடையது, மகனே. ஒரு தும்மல்கூட வராத என்னுடையது. அக்காவைக் காப்பாற்றக் கொடுத்த ரத்தம்தான் அக்கா பெயரில் புழுவை எழுதிவிட்டது. பின்வாசலில் நின்று இரண்டு சீட்டையும் பார்த்தோம். அக்கா முதலில் சிரித்தாள், “போயும் போயும் உன்கிட்ட கேட்டேன் பாரு” என்று தலையில் அடித்துக்கொண்டாள், பிறகு அழுதாள். ஆனால் அப்பாவும் அம்மாவும் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். டாக்டரம்மா வீட்டுக்கே வந்து கட்டியைத் தொட்டுப் பார்த்து, “புழுவாலயும் இங்க வீங்கும், மாத்திரை சாப்பிட்டா குறையணும்” என்று சொல்லிவிட்டுப் போனதும், அம்மா சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினாள். “வெறும் பூச்சிதான்டி. நான் என்னென்னமோ நினைச்சேன்,” என்றாள். எங்கள் வீட்டில் ஒரு புழு எல்லோருக்கும் நிம்மதி கொடுத்தது. அந்த நிம்மதியைக் கலைக்க எனக்குத் தைரியம் இல்லை. கட்டிக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டதால் அதற்குப் பிறகு யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

இருவரும் மாத்திரை சாப்பிட்டோம். எனக்கு இரண்டு ராத்திரி உடம்பு தூக்கிப் போட்டது, காய்ச்சல், தலைவலி. புழு சாகும்போது அப்படித்தான் வருமாம். அக்காவுக்குப் புதிதாக ஒன்றும் வரவில்லை. டாக்டரம்மா வந்து கேட்டபோது, “ஆமா டாக்டர், பயங்கர காய்ச்சல்” என்றாள் அக்கா. டாக்டரம்மா எழுதிக்கொண்டார். எழுதும்போது, “உங்க ரெண்டு பேரு ரத்தத்துலயும் அந்த அணு எண்ணிக்கை அச்சு அசலா ஒண்ணா இருக்கு. இரட்டைப் பிள்ளைங்களுக்குக்கூட இப்படி வராது. உங்க வீடு என் ஆராய்ச்சிக்கு ரொம்ப முக்கியம்,” என்று சந்தோஷமாகச் சொன்னார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

போன வாரம் கல்யாண ரவிக்கை போட்டுப் பார்க்க அலோர் காஜாவுக்குப் போனோம். அளவெடுத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அக்கா போட்டதும் உடம்பெல்லாம் தொளதொள என்று தொங்கியது, இடது பக்கம் மட்டும் கை உள்ளே போகவில்லை. தையல்கார அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “என்னம்மா கல்யாணப் பொண்ணு, ஆளு பூரா பட்டினி, இந்தக் கை மட்டும் திருட்டுத்தனமா சாப்பிடுதா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்காதான் அதிகம் சிரித்தாள். பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். அவள் கை சுட்டது.

நேற்று ராத்திரி எனக்கு மறுபரிசோதனை. ஆயாக் கொட்டகைக்குத் தனியாகப் போனேன். என் ரத்தத்தில் புழு இல்லை, சுத்தம் என்றார் டாக்டரம்மா. பிறகு கேட்டார்.

“அக்காவோட கட்டி குறைஞ்சுதா?”

“குறைஞ்சிடுச்சு டாக்டர்.”

“நல்லவேளை. குறையலைன்னா எனக்கு உடனே சொல்லணும், தெரியுமா? புழு செத்த பிறகும் கட்டி வளர்ந்தா அது வேற கதை. அதை லேட்டாக்கக் கூடாது.”

குளிர் என்று பொய் சொன்னபோது கண்டுபிடித்தவர் இந்தப் பொய்யைக் கண்டுபிடிக்கவில்லை. இந்த முறை என் கை நடுங்கவில்லை போலிருக்கிறது. நாலு மாதத்தில் நான் அவ்வளவு தேறிவிட்டேன். வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் அந்த ஆரஞ்சு அணுதான் கண் முன்னால் நின்றது. புழு இல்லாத இடத்தில் கட்டியைச் சுற்றி நிற்கும் கூட்டம். டாக்டரம்மா சொன்ன அந்த மற்ற வியாதியின் பெயரை இந்த நோட்டில் அக்கா பெயருக்குப் பக்கத்தில் எழுத எனக்குக் கை வரவில்லை. நீ படித்தவனாக இருப்பாய், புரிந்துகொள்.

வந்ததும் அக்காவிடம் சொன்னேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக அவளை எதிர்த்துப் பேசினேன்.

“டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லிடலாம்க்கா.”

“சொல்லி? பத்து நாள் இருக்கும்போது பெரியாஸ்பத்திரில போய்ப் படுக்கவா? பத்திரிகை குடுத்தாச்சு, அப்பா தலை நிமிர்ந்து நடக்கிறாரு. நீ இப்ப சுத்தம்தானே? விட்டுப்போனவங்க வீட்டுக்கு நாளைக்கு காசிம் அண்ணன் மட்டும் மோட்டார்ல வருவாரு. இன்னும் ஒரே ஒரு தடவை என் பேர்ல குடு. சுத்தமா ஒரு சீட்டு வந்திடட்டும். தாலி கட்டின மறுநாளே நானே போய்க் காட்டுறேன், போதுமா?”

“மறுநாள்ன்னு சத்தியமா சொல்றியா?”

“நீ சத்தியம் பண்ணு முதல்ல.” என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். முடி ஈரமாக இருந்தது. சத்தியம் செய்தேன்.

அதனால்தான் இந்தச் சீருடை. அதனால்தான் நீ. இந்த வீட்டில் நாங்கள் இருவரும் ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள். இன்று அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு சுவர் மட்டும்தான், ஆனாலும் இவ்வளவு தனியாக நான் இருந்ததே இல்லை. அவள் உடம்பில் இருப்பது புழு இல்லை என்று உலகத்தில் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். அதில் ஒருத்தி அதை நினைக்க மறுத்துத் தூங்குகிறாள். மற்றவள் நான். சொன்னால் கல்யாணம் நிற்கலாம், அப்பா தெருவில் தலை குனியலாம், அக்கா என்னோடு சாகும்வரை பேசாமல் இருக்கலாம். சொல்லாவிட்டால் அக்கா சாகும்வரை என்பதே எவ்வளவு நாள் என்று தெரியாது. இப்படி எழுதிப் பார்த்தபோதுதான் எது பெரியது என்று எனக்கே தெரிகிறது. மனதுக்குள் வைத்திருந்தபோது இரண்டும் ஒரே அளவாகத்தான் இருந்தன.

உன்னிடம் ஒரு பொறாமை எனக்கு. இந்த வரியைப் படிக்கும்போது உனக்கு விடை தெரியும், எனக்குத் தெரியாது. தலையை நிமிர்த்திப் பார். நாளைக்கு உன் கல்யாணம், வீடு நிறையச் சொந்தக்காரர்கள் இருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் சத்தமாகச் சிரித்துக்கொண்டு, எல்லோரையும் கேலி செய்துகொண்டு, என் முகச் சாயலில் வயதான ஒருத்தி இருக்கிறாளா? இருந்தால் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொள். எதுவும் கேட்காதே. என்னோடு அவள் பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை, உன்னோடு பேசுவாள். அப்படி ஒருத்தி அங்கே இல்லையென்றால், மகனே, என்னிடம் வந்து எதுவும்

நாய் குரைக்கிறது. மோட்டார் சைக்கிள் சத்தம் வந்து வாசலில் நிற்கிறது.

கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள், ஒரு கையால் சீருடையின் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டே எழுதுகிறேன். மூன்று கழன்றுவிட்டது. உள்ளே என் பள்ளிச் சட்டைதான் போட்டிருக்கிறேன், சாயங்காலத்திலிருந்தே. ஏன் கழற்றாமல் மேலே போட்டுக்கொண்டேன் என்று இப்போதுதான் புரிகிறது. தலைமுடியை அவிழ்த்துவிட்டேன். சத்தியம் செய்த கை இதுதான், பேனா பிடித்திருக்கிற இதே கை. அக்கா தலைக்கு ஒன்றும் வராது, தலையில் கை வைத்ததால் யாரும் செத்ததில்லை, அக்குளில் இருப்பதால்தான்

காசிம் அண்ணன் தட்டுகிறார். “மல்லிகா! மல்லிகா பாப்பா, ரத்தம்!” அக்கா புரண்டு படுக்கிறாள். மறுபடி தட்டுகிறார். நோட்டை மூடுகிறேன், மகனே, போய்க் கதவைத் திறந்து, அண்ணே, நான் மல்லிகா இல்லை, டாக்டரம்மாவைக் கூப்பிடுங்கள் என்று